டீச்சரை எந்த வீட்டில் இறக்கினார்கள்?

போன மாதம் எங்கள் செஞ்சியில் ஒரு பாராட்டு விழா நடந்தது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த அஞ்சலை டீச்சர் ரிடையர் ஆனார். பந்தல், மைக் செட், மாலை, நாகஸ்வரம், ஜட்கா வண்டி... ஒன்றுக்கும் குறைவில்லை. கமிட்டி போட்டுச் செய்த விழா.

கமிட்டிக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியவில்லை.

டீச்சர் எந்த வீட்டில் குடியிருக்கிறார்?

சிரிக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர் இப்போது எந்தத் தெருவில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? யோசிக்காமல் பதில் சொல்ல முடிந்தால் நீங்கள் நல்லவர். மேற்கொண்டு இதைப் படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

எனக்குத் தெரியும். என் வீட்டிலிருந்து ஆறாவது வாசல். முன்பக்கம் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பக்கத்துச் சந்தில் திரும்பினால் குனிந்து போகிற மாதிரி ஒரு சின்னக் கதவு. உள்ளே ஒரே ரூம். அதில்தான் டீச்சர் எட்டு வருஷமாக இருந்தார்.

தெரிந்தும் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் வீட்டுக்காரர் பத்திரம் எழுதுகிறவர். அவர் போன பிறகு வீட்டில் காகிதமும் மையும் மிச்சம் கிடந்தன. பேச ஆள் மிச்சமில்லை. அதனால் எழுத ஆரம்பித்தேன். ‘இவ்வளவு படிப்பை வைத்துக்கொண்டு எப்படியம்மா எழுதுகிறீர்கள்?’ என்று சில பேர் கார்டு போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். நான் பதில் போட்டதே இல்லை. பதில் இதுதான்—அஞ்சலை டீச்சர்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் நேரே என் வீட்டுக்கு வருவார். ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்து முடிப்பார். பிறகு நான் எழுதி வைத்திருப்பதை எடுத்துப் படிப்பார். கையில் பென்சில். எழுத்துப் பிழையை அவர் பாட்டுக்குத் திருத்திக்கொண்டே போவார், அது பெரிசில்லை. சில வரிகளின் கீழே மட்டும் ஒரு கோடு விழும். 

“இது நெஜமா அக்கா?”

பக்கத்து வீட்டுப் பசு செத்தபோது ராத்திரியெல்லாம் அழுதேன் என்று ஒரு தடவை எழுதியிருந்தேன். கோடு விழுந்தது.

“கொஞ்சம் அழுதேன் டீச்சர்.”

“அப்ப கொஞ்சம்னு எழுதுங்க. பசுவுக்கு அது போதும்.”

மற்ற நாட்களில் உட்கார மாட்டார். வாசலிலேயே நின்று தண்ணீர் குடித்துவிட்டு, “வரேன்க்கா” என்று போய்விடுவார். மொத்தம் இரண்டு நிமிஷம் இருக்கும். ஆனால் பாருங்கள், சில நாட்களில் “தண்ணி வேணுமா டீச்சர்?” என்று கேட்பதுதான் விடிந்ததிலிருந்து என் வாயில் வரும் முதல் வார்த்தையாக இருக்கும். என் குரல் எனக்கே புதிசாகக் கேட்கும்.

அவருக்கும் யாரும் இல்லை. கல்யாணமாகி ஆறே மாதத்தில் கணவரைப் பறிகொடுத்தவர். அதற்குப் பிறகு டிரெயினிங் படித்து இங்கே வேலைக்கு வந்தவர். திண்டிவனத்தில் ஒரு தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். ரிடையர் ஆகிற மாதம் பார்த்து, அவர் ரூமின் சொந்தக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகவும் ரூம் வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். தம்பி வீட்டுக்குப் போவதைத் தவிர டீச்சருக்கு வேறு வழி இல்லை.

வழி ஒன்று இருந்தது. என் வீட்டில் இரண்டு ரூம். ஒன்றில் நான் இருக்கிறேன். இன்னொன்று, என் வீட்டுக்காரர் போனதிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. உள்ளே பழைய காகிதக் கட்டுகளும் ஒரு மேசையும்தான்.

‘என் கூட வந்து இருந்துடுங்க டீச்சர்.’ இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. ஒரு மாதமாக ஒத்திகை பார்த்தேன். அடுப்படியில் சொன்னால் அழகாக வந்தது. வாசலில் அவர் வந்து நின்றால், “தண்ணி வேணுமா?” என்பதோடு நின்றுவிட்டது.

சரி, விழா அன்றைக்குக் கட்டாயம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

விழாவுக்குப் போவதற்கு முன்னால் டீச்சரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மேடையில் இதை யாரும் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் மல்லாட்டை பிடுங்குகிற காலம் வந்தால்—நிலக்கடலையைத்தான் அப்படிச் சொல்வோம்—பள்ளிக்கூடம் காலியாகிவிடும். பெண் பிள்ளைகள் எல்லாம் கொல்லையில் இருக்கும்; வயலைத்தான் கொல்லை என்போம். காலையில் டீச்சர் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவார். “கொல்லைக்குப் போயிட்டாளே” என்று பதில் வரும். மற்றவர்களாக இருந்தால் ஆப்சென்ட் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் ரிஜிஸ்தரைப் பையில் போட்டுக்கொண்டு கொல்லைக்கே நடந்து போனார்.

நான் அன்றைக்கு அந்தப் பக்கம் விறகுக்குப் போயிருந்தேன். கண்ணால் பார்த்தேன்.

கொல்லைக்காரர் வரப்பில் நின்றுகொண்டு, “இன்னா டீச்சரம்மா, கூலிக்கு ஆள் கம்மின்னு நீங்களும் வந்துட்டீங்களா?” என்றார். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

டீச்சர் பையைக் கீழே வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகினார். பிள்ளைகளோடு உட்கார்ந்து செடியிலிருந்து காயை ஆய ஆரம்பித்துவிட்டார்.

“ஆமாங்க, கூலிக்குத்தான். எனக்கு ஒண்ணும் தர வேணாம். நான் ஆய்ஞ்சி குடுக்கிறதுக்கு, மத்தியானம் இந்தப் பொண்ணுங்கள ரெண்டு மணி நேரம் என்கூட அனுப்புங்க, போதும்.”

கொல்லைக்காரர் தலையைச் சொறிந்தார். மத்தியானம் புளிய மரத்தடியில் பள்ளிக்கூடம் நடந்தது. நாலாம் வாய்ப்பாட்டுக்கு மல்லாட்டைதான் மணி. எண்ணி முடித்ததைத் தின்றுவிடலாம் என்று ஒரு சலுகை வேறு. அந்த வருஷம் நாலாம் வாய்ப்பாட்டை எல்லாரும் நன்றாகப் படித்தார்கள்.

இப்படி வருஷா வருஷம் போனார். ஊரில் அவர் ஏறாத வாசல் கிடையாது. எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் அம்மா பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், எல்லாம் தெரியும். அத்தனை வாசலும் அவருக்குத் தெரியும். அவர் வாசல்தான் யாருக்கும் தெரியாது.

ஏன்? யாரும் போனதில்லை. அவ்வளவுதான்.

விழாவுக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்து முற்றத்தில் பந்தல். கமிட்டிக்குச் செகரட்டரி, மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் கோவிந்தசாமி. நல்ல மனுஷர். அவர் பெண்கள் மூன்று பேரும் டீச்சரிடம் படித்தவர்கள். வெயிலில் அலைந்து எல்லாம் செய்தார். என்னைப் பார்த்ததும் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

“நீங்க பேப்பர்ல எழுதறவங்களாச்சே. பொம்பளைங்க சார்பா நாலு வார்த்தை பேசுங்கம்மா.”

“பல்லு வலி நைனா” என்றேன்.

எனக்கு இருப்பதே நாலு பல். நாலும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் மைக்கைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எட்டுப் பேர் பேசினார்கள். மூன்று பேர் டீச்சரை மெழுகுவர்த்தி என்றார்கள். ஒருவர் ஏணி என்றார். ஒருவர் தோணி என்றார். பிரேம் போட்ட வாழ்த்து மடல் ஒன்றை ஒரு இளைஞர் மூச்சு விடாமல் படித்தார். அதில் டீச்சர் கலங்கரை விளக்கமாகவும் இருந்தார். சாமான் பட்டியல் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. டீச்சர் நாற்காலியின் நுனியில், இப்போதோ அப்போதோ எழுந்து மணி அடிக்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அவரைப் பேசச் சொன்னார்கள். எழுந்து மைக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டார்.

“எல்லாருக்கும் வணக்கம். பேசறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. மேசை டிராயர்ல சீப்பும் எண்ணெய்க் கிண்ணமும் வச்சிருக்கேன். ரெண்டாங் கிளாஸ்ல அஞ்சாறு பொண்ணுங்களுக்கு வீட்ல வாரி விட ஆளில்லை. அதுங்க அம்மா விடியறதுக்குள்ள வேலைக்குப் போயிடறாங்க. நாளையிலேருந்து யாராச்சும் கொஞ்சம் பாத்துக்குங்க.”

உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். எதற்குக் கை தட்டினோம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்தது ஊர்வலம். எங்கள் பக்கத்தில் இது ஒரு பழக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவரை விழா முடிந்ததும் தன்பாட்டில் நடந்து போக விடமாட்டார்கள். மாலையோடு வண்டியில் ஏற்றி, மேளம் முன்னால் போக, வீட்டு வாசலில் இறக்கி, ‘இத்தனை வருஷம் உங்க மனுஷரை நாங்க வச்சிருந்தோம், இந்தாங்க’ என்கிற மாதிரி வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். மரியாதை என்றால் அதுதான் மரியாதை.

ஜட்காவில் டீச்சரை ஏற்றினார்கள். மடியில் வாழ்த்து மடல். பக்கத்தில், அன்பளிப்பாகக் கொடுத்த சுவர்க் கடிகாரம். நாங்கள் பெண்கள் பின்னால் நடந்தோம். வெயில் தணிந்து மலைக்கோட்டை மேல் மஞ்சளாகப் படிந்திருந்தது. நான் மனசுக்குள் என் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். ‘என் கூட வந்து இருந்துடுங்க டீச்சர்.’

கடைத்தெரு முனையில் வண்டி வலது பக்கம் திரும்ப வேண்டும்.

இடது பக்கம் திரும்பியது.

எனக்குப் புரிந்துவிட்டது. டீச்சர் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அந்தத் தெருவில் ஒரு வீட்டில் குடியிருந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வீடு கை மாறியது. டீச்சர் சாமானைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரில் மட்டும் பழைய அட்ரஸ் அப்படியே இருந்திருக்கிறது. கமிட்டி அதைப் பார்த்து வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டது. ஒருவரும் டீச்சரைக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? ‘முப்பது வருஷமா எங்க ஊர்ல இருக்கீங்க, உங்க வீடு எங்கே’ என்றா கேட்க முடியும்?

நான் சொல்லியிருக்கலாம். கோவிந்தசாமி பத்தடி முன்னால்தான் போய்க்கொண்டிருந்தார். ‘இந்தத் தெரு இல்லை நைனா.’ நாலே வார்த்தை. நாகஸ்வரத்தை மீறி என் குரல் கேட்காது என்று நினைத்தேன். முன்னால் ஓடிப் போனால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்களே என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே வாசல் வந்துவிட்டது.

வண்டி நின்றது. டீச்சர் அந்த வீட்டைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். வேர்த்து விறுவிறுத்து நின்ற கோவிந்தசாமியைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, லேசாகத் தலையை அசைத்தார். வேண்டாம், சொல்ல வேண்டாம்.

இறங்கிவிட்டார்.

அது இப்போது ஒரு ஜைனக் குடும்பத்தின் வீடு. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுகிறவர்கள். சரியாகச் சோற்றுக்கு உட்காருகிற நேரம். மேளச் சத்தம் கேட்டு, அந்த வீட்டுப் பத்மாவதியம்மா ஈரக் கையோடு வெளியே வந்தார். வாசலில் மாலையும் கழுத்துமாக டீச்சர். பின்னால் அறுபது எழுபது பேர்.

“இன்னாங்க இது?”

டீச்சர் படியேறிக் கிட்டே போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். நான் அதற்குள் கூட்டத்தில் புகுந்து பக்கத்தில் போயிருந்ததால் கேட்டது.

“அம்மா, தப்பா நெனைக்காதீங்க. முன்னே நான் இந்த வீட்லதான் குடியிருந்தேன், இவங்க தெரியாம ஆசையா கூட்டியாந்துட்டாங்க. அஞ்சு நிமிஷம் உள்ள உக்காந்துக்கறேன். எல்லாரும் போனதும் போயிடறேன்.”

பத்மாவதியம்மா டீச்சரைப் பார்த்தார். மேளக்காரர்களைப் பார்த்தார். அந்த அம்மாளுக்கு எங்கிருந்துதான் அந்தச் சாமர்த்தியம் வந்ததோ, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

“வாங்க டீச்சர், வாங்க. இன்னா இவ்ளோ நேரம்? சோறு ஆறிப்போவுது.”

கோவிந்தசாமிக்கு மனசு நிறைந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார்.

“டீச்சரை ஒப்படைச்சிட்டோம்மா. இனிமே உங்க பொறுப்பு.”

“நான் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க” என்றார் பத்மாவதியம்மா, ஒரு துளி சிரிப்பு இல்லாமல்.

கூட்டம் கலைந்தது. நான் மட்டும் போகவில்லை. உள்ளே இலை போட்டிருந்தார்கள். பத்மாவதியம்மா எங்கள் இரண்டு பேரையும் விடவில்லை. “வெளிச்சம் இருக்கும்போதே உக்காருங்க” என்று சோறு போட்டார். டீச்சர் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அந்த அம்மாள் எதுவும் கேட்கவில்லை. கைகழுவத் தண்ணீர் ஊற்றும்போதுதான் கேட்டார்.

“என் பொண்ணு அஞ்சு வருஷம் உங்ககிட்டதான் படிச்சா டீச்சர். காய்ச்சல்ல படுத்தப்போ நீங்க இதே வாசலுக்கு வந்து பாத்துட்டுப் போனீங்க. நீங்க முன்னே குடியிருந்த வீடுதான் இதுன்னுகூட அன்னிக்கு நீங்க சொல்லலியே. இப்போ எங்கதான் இருக்கீங்க?”

“இங்கதாம்மா, கிட்டக்கதான்” என்றார் டீச்சர்.

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.

வீட்டுக்கு நடந்தோம். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மாலையை டீச்சர் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். வாழ்த்து மடலும் அவரிடம். கடிகாரத்தை நான் தூக்கிக்கொண்டேன். நடக்க நடக்க உள்ளே பெண்டுலம் எதிலோ முட்டிக்கொண்டே வந்தது.

“கடைத்தெரு முனையிலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே அக்கா. ஏன் சொல்லல?”

“குரல் வரல டீச்சர். நீங்க ஏன் சொல்லல?”

“அவரு மூஞ்சப் பாத்தீங்களா? மூணு நாளா ஓடியாடிப் பண்ணியிருக்காரு. ‘என் வீடு இது இல்லீங்க’ன்னு சொன்னா அந்த மனுஷன் இன்னா ஆவாரு?”

கொஞ்ச தூரம் போனதும் டீச்சர் திடீரென்று சிரித்தார்.

“பருப்பு நல்லா இருந்திச்சி இல்ல?”

“நல்லா இருந்திச்சி.”

“நாளன்னிக்குக் கெளம்பறேன். தம்பி கூடத்துல ஒரு கட்டில் போட்டு வச்சிருக்கானாம். பிள்ளைங்க நாலு இருக்குது. போவ வர எடம், கொஞ்சம் இடிச்சிக்கும். பழகிடும்.”

இதுதான் நேரம். தெருவில் வேறு யாரும் இல்லை. மேளம் இல்லை, மைக் இல்லை. இதைவிட வாகாக ஒரு நேரம் யாருக்கும் கிடைக்காது. என் வீட்டு வாசலும் வந்துவிட்டது. தினமும் நிற்கிற இடத்தில் டீச்சர் நின்றார். கடிகாரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். உடனே போகவில்லை.

“ஏதாச்சும் சொல்லணுமா அக்கா?”

சொல்லணும். ஒரு மாதம் ஒத்திகை பார்த்த வாக்கியம். வாயைத் திறந்தேன்.

“பஸ்ஸு எத்தினி மணிக்கு?” என்றேன்.

டீச்சர் கடிகாரத்தை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். “காலையில எட்டு மணி பஸ்ஸு” என்றார். “தண்ணி வேணாம்க்கா, அங்கயே குடிச்சிட்டேன். வரேன்.”

போய்விட்டார்.

எனக்கு இது ஒன்றும் புதிதில்லை. நாம் எல்லாருமே இப்படித்தான், இல்லையா? ஊரே கூடி நின்று தோணி, ஏணி என்று மைக்கில் சொல்வோம். வீடு எங்கே, ராத்திரிக்கு என்ன சாப்பிடுவீர்கள், நாளைக்கு எங்கே போவீர்கள் என்று பக்கத்தில் போய்க் கேட்கமாட்டோம். பாராட்டுவது சுலபம். அதற்குப் பதில் வராது. கேள்விக்குப் பதில் வரும். பதில் வந்தால் நாம் ஏதாவது செய்தாக வேண்டும்.

நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் என் கூச்ச சுபாவம். இது பிறவியிலேயே வந்தது.

மேலே இருக்கிற வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து படித்தால், அதன் கீழே இல்லாத பென்சில் கோடு தெரிகிறது.

“இது நெஜமா அக்கா?”

இல்லை டீச்சர். முழுக்க நிஜமில்லை.

அன்றைக்கு வண்டி இடது பக்கம் திரும்பியபோது, எனக்குள் எங்கேயோ ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. இத்தனை பெரிய ஊரில், இத்தனை பேர் கூடிய விழாவில், டீச்சர் வீடு தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதை எல்லாருக்கும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

வாசலில் சொல்லாமல் விட்டதற்கும் கூச்சம் மட்டும் காரணமில்லை. ‘வேணாம்க்கா’ என்று அவர் சொல்லிவிட்டால்? அப்புறம் அந்தத் தண்ணீர்ச் சொம்பு, அந்த வியாழக்கிழமை, எல்லாவற்றையும் நினைக்கும்போதுகூட அந்த ‘வேணாம்’தானே முன்னால் வந்து நிற்கும்? கேட்காமல் இருந்தால், கேட்டிருந்தால் வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு காலத்தை ஓட்டலாம். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். பாருங்கள், இந்த வயதில்.

பஸ் ஏற்றிவிடப் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு, ஒரு கடிகாரம். முப்பது வருஷம் இவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் கோவிந்தசாமி நின்றிருந்தார். “யாருக்காக வந்தீங்கம்மா?” என்று என்னைக் கேட்டவர், டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “எங்க டீச்சர், வெளியூரா? எப்ப திரும்புவீங்க?” என்றார்.

“பாக்கலாங்க” என்றார் டீச்சர். பஸ் கிளம்பிவிட்டது.

அது ஆகி மூன்று வாரம். மூன்று வியாழக்கிழமை. போன இரண்டு வாரமும் நான் எழுதி அனுப்பியதில் பொய் நிறைய இருந்தது. உங்களில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சாயங்காலம் சொம்பில் தண்ணீர் எடுத்து வைத்துவிடுகிறேன், பழக்கதோஷம். இருட்டியதும் செடிக்கு ஊற்றிவிடுகிறேன்.

போன வாரம், பூட்டிக் கிடந்த ரூமைத் திறந்தேன். பூட்டு துருப்பிடித்து மக்கர் செய்தது. மண்ணெண்ணெய் விட்டுத் திறந்தேன். என் வீட்டுக்காரரின் காகிதக் கட்டுகளை எடுத்துப் பரண்மேல் போட்டேன். ஒட்டடை அடித்தேன். சுவருக்கு வெள்ளை அடிக்க ஆள் வைத்தேன். மேசையைத் துடைத்து ஜன்னல் பக்கம் போட்டேன். சுவரில் ஒரு ஆணி ஏற்கெனவே இருக்கிறது, கடிகாரத்துக்குத் தோதான உயரத்தில்.

கார்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு எழுதிக் கிழித்தேன். கார்டு என்றால் தபால்காரர் படிப்பார், தம்பி படிப்பார், தம்பி பெண்டாட்டி படிப்பார் என்று கூச்சமாக இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன், ஊரே படிக்கட்டும். என் கூச்சம் அந்த லட்சணம். ஆனால் இங்கே எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

கோவிந்தசாமியும் படிப்பார். படித்து வருத்தப்படுவார். வருத்தப்படாதீர்கள் நைனா, உங்கள் விழாவில் குறை இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் யாரையாவது காலையில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். சீப்பும் எண்ணெயும் டிராயரில்தான் இருக்கின்றன. நான் போய்ப் பார்த்தேன். எண்ணெய் குறையவே இல்லை.

இப்போது மற்றவர்கள் கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள். இது திண்டிவனத்துக்கு.

டீச்சர், அன்றைக்கு வாசலில் ‘ஏதாச்சும் சொல்லணுமா’ என்று கேட்டீர்களே. சொல்லணும். என் கூட வந்து இருந்துடுங்க. ரூம் காலியாக இருக்கிறது. வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. வந்து நின்று தண்ணீர் குடித்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். இந்தக் கட்டுரையில் கோடு போட வேண்டிய இடம் ஏதாவது இருந்தால் அதையும் அப்போதே போட்டுவிடுங்கள்.

பஸ் ஸ்டாண்டில் அதே ஜட்காக்காரர்தான் நிற்கிறார். நேற்று போய், எந்த முனையில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அடையாளம் சொல்லிவிட்டு வந்தேன்—அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், கத்தித்தான் சொன்னேன்.